கடலைப் பார்க்கும் சூரியகாந்தி

வடசென்னையில் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நீளும் துறைமுகப் பட்டையில் சூரியகாந்தி வயல் ஒன்றுகூடக் கிடையாது. ஆயினும் அச்செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெய் இப்பகுதியின் அடுக்களைகளில் நாள்தோறும் காய்கிறது. காசிமேட்டில் ஏலம் போன மீன் வறுபடுவதும், திருவொற்றியூர்ச் சந்நிதித் தெருக்களில் மாலை நேரத்து பஜ்ஜி பொரிவதும் பெரும்பாலும் இந்த எண்ணெயிலோ பாமாயிலிலோதான். அந்த எண்ணெயில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டு வயலிலோ இந்திய வயலிலோ விளைந்ததன்று. கருங்கடலைச் சுற்றியுள்ள இரஷ்ய, உக்ரைன் சமவெளிகளிலும் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவிலும் விளைந்த விதைகளிலிருந்து பிழியப்பட்டு, கப்பலேறி இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்குவதாகும். செடி எப்படி வளர்கிறது, பூ ஏன் சூரியனைப் பார்க்கிறது, விதையில் என்ன இருக்கிறது, எண்ணெய் உடலுக்கு நல்லதா, மாசுபட்ட மண்ணை இச்செடி தூய்மைப்படுத்துமா என்று மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, அறிவியல் தரும் விடைகளை இப்பகுதியின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

சூரியகாந்தியின் பூர்விகம் வட அமெரிக்கா. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே காட்டுச் சூரியகாந்தியைப் பழக்கி, பல கிளைகளில் சிறுசிறு பூக்களாகப் பூத்த செடியை, ஒற்றைத் தண்டில் ஒரே பெரிய பூவைத் தாங்கும் பயிராக மாற்றியிருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற அச்செடி, நெடுங்காலம் அரண்மனைத் தோட்டங்களின் அலங்காரமாகவே இருந்து, 1829-ஆம் ஆண்டு வாக்கில் இரஷ்யாவில் எண்ணெய்க்காகப் பிழியப்படலாயிற்று. அதை உலகப் பயிராக்கியதில் இரஷ்யாவின் கிராஸ்னதார் நகரில் 1912 முதல் உழைத்த வசீலி புஸ்தவோயித் என்ற பயிர்ப்பெருக்க அறிஞரின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. விதையெடையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த எண்ணெயை அவருடைய தேர்வு முறை ஏறத்தாழப் பாதி வரை உயர்த்தியது. அவ்வழி வந்த ‘பெரேதோவிக்’ முதலிய சோவியத் இரகங்களே 1969-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதற்கு முன்பு வரை இந்நாட்டில் சூரியகாந்தி வெறும் தோட்டத்துப் பூச்செடியாகவே அறியப்பட்டிருந்தது.

ஒரு பூவா, பல நூறு பூக்களா

மக்கள் ‘பூ’ என்று சொல்லும் மஞ்சள் வட்டம் தாவரவியல் கணக்கில் ஒரு பூ அன்று. அது ஒரு மஞ்சரி, அதாவது ஒரே காம்பின் மேல் பல பூக்கள் சேர்ந்திருக்கும் தொகுதி. தட்டையான தலையில் காம்பில்லாச் சிறுமலர்கள் நெருக்கமாக அமர்ந்திருப்பதால் அதற்குச் சிரமஞ்சரி என்று பெயர். சாமந்தி, துலுக்கச் சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகிய மூன்றும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், சூரியகாந்தி கைக்கு எட்டாதவர்கள் பூக்கடையில் வாங்கிய ஒரு சாமந்தியைப் பிரித்துப் பார்த்தாலே இந்த அமைப்பைக் காணலாம். ஓரத்தில் இதழ்போல் விரிந்திருக்கும் ஒவ்வொன்றும் கதிர்ச் சிறுமலர் எனப்படும் ஒரு தனிப்பூ; சூரியகாந்தியில் இவை விதை தருவதில்லை, தேனீக்களைத் தொலைவிலிருந்து அழைப்பதே இவற்றின் வேலை. நடுவிலுள்ள தட்டு முழுவதும் குழல் வடிவச் சிறுமலர்களால் ஆனது. இவற்றை வட்டுச் சிறுமலர்கள் என்பர்; ஒரு தலையில் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 வரை இவை இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு விதையாக மாறக்கூடியவை.

தட்டை உற்றுப் பார்த்தால், சிறுமலர்கள் நடுவிலிருந்து இரு பக்கமும் சுழன்று செல்லும் வளைவு வரிசைகளில் அமைந்திருப்பது தெரியும். ஒரு திசையில் சுழலும் வரிசைகள் 34 என்றால் மறுதிசையில் பெரும்பாலும் 55 இருக்கும். பெரிய தலைகளில் 55, 89 என்ற இணை காணப்படும். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபனாச்சி வரிசையைச் சேர்ந்த எண்கள் இவை. செடி கணக்குப் போட்டு இதைச் செய்யவில்லை. வளர்முனையில் ஒவ்வொரு புதிய மொக்கும் முந்தைய மொக்கிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை விலகித் தோன்றுவதன் விளைவாகவே இந்த ஒழுங்கு பிறக்கிறது. அந்தக் கோணம் சற்றே மாறினாலும் தட்டில் இடைவெளிகள் விழுந்துவிடும் என்பதையும், இதே கோணத்தில் வைத்தால் இடம் வீணாகாமல் விதைகள் நிரம்பும் என்பதையும் ஹெல்முட் வோகல் 1979-ஆம் ஆண்டில் ஓர் எளிய கணித வாய்பாட்டால் காட்டினார்.

மலர்தல் ஓரத்தில் தொடங்கி நாளுக்கு ஒன்றிரண்டு வளையங்களாக நடுவை நோக்கி நகரும். முழுத் தலையும் மலர்ந்து முடிய ஐந்து முதல் பத்து நாட்கள் ஆகும். ஒரு வட்டுச் சிறுமலருக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. முதல் நாள் காலையில் மகரந்தப்பைகள் குழல்போல் ஒட்டி நிற்க, உள்ளிருந்து மேலெழும் சூலகத்தண்டு மகரந்தத்தை வெளியே தள்ளுகிறது. அடுத்த நாளே சூலகமுடி இரு கிளையாகப் பிரிந்து, வேறு செடியின் மகரந்தத்தை ஏற்க ஆயத்தமாகிறது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதைத் தவிர்க்கும் இந்த ஏற்பாட்டினால், தேனீ இல்லாத இடத்தில் விதைகள் பொக்காகிவிடும். தமிழ்நாட்டு உழவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரையில், காலை 9 மணி முதல் 11 மணிக்குள் மெல்லிய துணியால் பூவின் முகத்தை மெதுவாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவைத் தடவும் முறை இடம்பெற்றிருப்பது இதனால்தான். தேனீக்கள் அரிதாகிவரும் தண்டையார்பேட்டை மாடித் தோட்டத்திலும் இதே முறை அப்படியே பயன்படும்.

சூரியனைத் திரும்பிப் பார்ப்பது

சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை பாதியே உண்மை. இளஞ்செடியின் நுனியும் மொக்கும் காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் திரும்பியிருக்கும். இரவில், வெளிச்சமே இல்லாத நேரத்தில், அவை மெதுவாகக் கிழக்கே திரும்பி விடியலுக்குக் காத்திருக்கும். தண்டில் தசையோ கீலோ கிடையாது என்பதால் இந்த அசைவு முழுக்க வளர்ச்சியால் நிகழ்வது: பகலில் தண்டின் கிழக்குப் பக்கச் செல்கள் கூடுதலாக நீள்வதால் நுனி மேற்கே சாய்கிறது, இரவில் மேற்குப் பக்கச் செல்கள் கூடுதலாக நீள்வதால் நுனி கிழக்கே திரும்புகிறது. இந்த இரவுத் திரும்பலுக்குச் செடிக்குள்ளிருக்கும் நாட்கடிகாரம், அதாவது ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் உயிரியல் ஒழுங்கு, துணைநிற்கிறது என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழுவினர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பூ மலரத் தொடங்கியதும் தண்டு நீள்வது நிற்கும், அசைவும் நிற்கும். அதன்பின் தலை கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவாகச் சூடேறுகிறது. சூடேறிய பூவைத் தேனீக்கள் விரும்புகின்றன. அதே ஆய்வில் சில செடிகளைத் தொட்டியோடு மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தபோது, கிழக்கு நோக்கிய பூக்களுக்குக் காலையில் ஐந்து மடங்கு அதிகமான தேனீக்கள் வந்தன. வங்கக் கடல் கிழக்கில் இருப்பதால், திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ மாடியில் வளரும் முற்றிய சூரியகாந்தி எப்போதும் கடலையே பார்த்து நிற்கும். வீட்டின் கிழக்குச் சுவரோரம் வைத்தால் வீட்டுக்காரருக்குப் பூவின் முதுகுதான் தெரியும். தொட்டியைப் படிக்கட்டுக்கு மேற்கே வைத்தால் மேலேறி வருபவர் பூவின் முகத்தைப் பார்க்கலாம்.

இப்பகுதியில் இச்செடி வளருமா என்ற கேள்விக்கு, வளரும் என்பதே விடை. நாளின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத பயிராதலால் பெருமழைக் காலம் நீங்கலாக எந்த மாதத்திலும் விதைக்கலாம். மண்ணின் உப்பை ஓரளவு தாங்கும், தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. ஆழமாக இறங்கும் ஆணிவேர் என்பதால் ஒரு முழ ஆழமாவது உள்ள தொட்டி தேவை. விதைத்து இரண்டு மாதத்துக்குள் பூக்கும், மூன்று மாதத்தில் முற்றும். தலையின் பின்புறம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சள் நிறம் கொண்டால் அறுவடைக்கு ஆயத்தம். அதற்கு முன்பே கிளிகள் வந்துவிடும் என்பதையும் வளர்ப்பவர் எதிர்பார்க்க வேண்டும். புதிதாக அறுத்த விதைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாத உறக்கக் காலம் உண்டு; அறுத்தவுடன் நட்டு முளைக்கவில்லை என்று வருந்துவோர் பலரும் இந்த உறக்கத்தை அறியாதவர்களே.

விதையிலிருந்து தொட்டிக்கப்பல் வரை

விதை என்று வழங்கப்படுவது உண்மையில் ஒரு முழுக் கனி. மெல்லிய மரத்தோல் போன்ற ஓடு கனியின் சுவர், உள்ளிருக்கும் பருப்பே விதை. பெரிய, வரியோடிய ஓடுடையவை கொறிப்பதற்கானவை. சிறிய, கருத்த, மெல்லிய ஓடுடையவை எண்ணெய்க்கானவை. இன்றைய கலப்பின விதையின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். மனித உடல் இதைத் தானே உருவாக்க இயலாததால் உணவில் பெற்றே ஆகவேண்டும். வைட்டமின் இ சத்தும் மற்ற பல சமையல் எண்ணெய்களைவிட இதில் மிகுதி.

இந்தியாவில் சூரியகாந்தி ஒரு காலத்தில் பெருநம்பிக்கையோடு பரவியது. 1980-ஆம் ஆண்டில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் ‘பி.எஸ்.எச்.-1’ என்ற முதல் இந்தியக் கலப்பினத்தை வெளியிட்டது. 1990-களின் முற்பகுதியில் நாட்டின் சாகுபடிப் பரப்பு 25 லட்சம் எக்டேரைத் தாண்டியது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது. மழையை நம்பிய மானாவாரி நிலங்களின் குறைந்த விளைச்சல், கிளிகளின் சேதம், 1997-இல் கர்நாடகத்தில் தோன்றி இலைப்பேன் பூச்சியும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் பரப்பிய கருகல் நோய் ஆகியவை ஒருபுறம். 1990-களின் நடுப்பகுதிக்குப்பின் இறக்குமதி எண்ணெய் மலிவாகக் குவிந்தது மறுபுறம். தென்காசி மாவட்டத்துச் சுந்தரபாண்டியபுரம் வயல்களில் ஆடி மாதச் சாரலோடு சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து மக்கள் திரண்டு வந்து படமெடுத்துச் செல்கின்றனர். அந்த அழகை விற்பனைச் சந்தையில் உழவருக்கு ஈடுசெய்யும் ஏற்பாடு நாட்டில் போதிய அளவு இல்லை என்பது வருந்தத்தக்கது.

இதன் விளைவாக இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 35 லட்சம் டன் சூரியகாந்தி எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2022 பிப்ரவரிக்கு முன் அதில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. போர் தொடங்கி ஒடெசா துறைமுகம் முடங்கியதும் சில வாரங்களிலேயே தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் விலை கடுமையாக உயர்ந்தது, பின்னர் இரஷ்யா முதன்மை விற்பனையாளராயிற்று. கருங்கடலில் புறப்படும் எண்ணெய்க் கப்பல் போஸ்பரஸ் நீரிணை, சூயஸ் கால்வாய், செங்கடல் வழியே வந்து, இலங்கையைச் சுற்றிச் சென்னையை அடைகிறது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரவேண்டியிருந்தது. எங்கோ மூண்ட போரினால் இராயபுரத்துக் குடும்பம் ஒன்றின் மாதாந்தர மளிகைக் கணக்கு மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது.

கப்பலில் வருவது சமையலுக்கு உதவும் எண்ணெய் அன்று, கச்சா எண்ணெய். அதிலுள்ள பிசின் போன்ற பொருள்களை நீர் சேர்த்துப் பிரிப்பது, எஞ்சிய அமிலத்தைக் காரத்தால் நீக்குவது, நிறத்தை ஒருவகைக் களிமண்ணால் உறிஞ்சுவது, இறுதியில் காற்றழுத்தம் குறைந்த கலனில் 220 பாகை செல்சியசுக்கு மேல் நீராவி செலுத்தி வாடையைப் போக்குவது எனப் படிகள் பல. இவற்றுள் சூரியகாந்திக்கே உரிய படி மெழுகு நீக்கம். விதையோட்டிலிருந்து வரும் மெழுகு சென்னை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. குளிர்பெட்டியில் வைத்தால் எண்ணெய் கலங்கி அடியில் மூட்டமாகப் படியும். ஆகவே ஆலையில் எண்ணெயை மெதுவாகக் குளிர்வித்து, உறைந்த மெழுகை வடிகட்டி எடுக்கின்றனர். இந்தியாவில் விற்கப்படும் செறிவூட்டிய பாக்கெட்டுகளில் ஏ, டி வைட்டமின்கள் சேர்க்கப்பட்டு, ‘பிளஸ் எஃப்’ முத்திரை அச்சிடப்பட்டிருக்கும்.

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் காணப்படும் பொருள், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் உட்பட எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. பூரிதக் கொழுப்பு குறைவு என்பது சூரியகாந்தி எண்ணெயின் உண்மையான சிறப்பு. ஆனால் லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய், காற்றும் வெப்பமும் பட்டால் எளிதில் சிதையும். மீண்டும் மீண்டும் காய்ச்சினால் உடலுக்குக் கேடான பொருள்கள் உருவாகும். சிதைவினால் விளையும் முனைவுச் சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே எண்ணெயை நம்பாமல் பலவகை எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நல்லது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கு புரதம் மிகுந்தது. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது.

எண்ணூர் மண்ணும் சூரியகாந்தி வேரும்

இப்பகுதி மக்களுக்கு மற்றெல்லாக் கேள்விகளையும்விட முதன்மையானது, சூரியகாந்தி நச்சு மண்ணைத் தூய்மைப்படுத்துமா என்பதே. எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழம்பு பல ஆண்டுகளாகக் குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றையும் கழிமுகத்தையும் மூடியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை மீனவரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டியது. இத்தகைய இடத்தில் ஒரு பூச்செடி மண்ணை மீட்கும் என்ற செய்தி நம்பிக்கை ஊட்டுவது இயல்பே.

செடிகளின் வேரால் மாசை உறிஞ்சச் செய்யும் முறைக்குத் தாவரவழித் தூய்மிப்பு என்று பெயர். செர்னோபில் அணுவுலை விபத்துப் பகுதியில் 1990-களில் ஒரு குளத்தின்மேல் மிதவைகளில் சூரியகாந்தியை வளர்த்தபோது, நீரிலிருந்த கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வேர்கள் ஈர்த்தன; ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களையும் இச்செடி ஓரளவு ஏற்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் நீர் வேறு, மண் வேறு. களிமண் துகள்கள் இறுகப் பற்றிக்கொண்ட உலோகத்தை வேரால் எளிதில் பிரித்தெடுக்க இயலாது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப்பின் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் வயல்களில் சூரியகாந்தியை நட்டுச் சோதித்தபோது, மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கையே செடிகள் எடுத்திருந்தன. மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுவதே பன்மடங்கு பயனளித்தது.

எண்ணூருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் முடிவு தெளிவாகும். அடர்ந்த கப்பல் எரிபொருளைச் சூரியகாந்தி உறிஞ்சிவிடாது. சாம்பல் படிந்த கழிமுகச் சேற்றில், ஓதம் ஏறி இறங்கும் உப்பு நிலத்தில், அது வேரூன்றவே இயலாது. அந்நிலம் அலையாத்திக்கும் உமரிக்கும் உரியது, அவற்றையே மீண்டும் வளர்க்க வேண்டும். மேட்டு நிலத்தில் நட்டாலும் உலோகத்தை ஏற்ற செடியை வெட்டி அகற்றிப் பாதுகாப்பாக அழிக்காவிட்டால், இலை உதிர்ந்து அதே நஞ்சு அதே மண்ணில் விழும். சாம்பலைக் கசியவிடாமல் தடுப்பதும் படிந்ததைத் தூர்வாரி அகற்றுவதும் மனிதர் செய்யவேண்டிய வேலை. அதைப் பூச்செடியின் பொறுப்பில் விடுவது இப்பகுதி மீனவருக்குச் செய்யும் அநீதி.

இதே காரணத்தால் வீட்டில் வளர்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். உலோகத்தை ஈர்க்கும் குணம் தொட்டிச் செடிக்கும் உண்டு. ஆகவே மாடியில் சூரியகாந்தி வளர்ப்போர் கழிமுக ஓரத்திலோ ஆலைச் சுவரோரத்திலோ சாம்பல் கலந்த நிரப்பு மண்ணிலோ அள்ளிய மண்ணைத் தொட்டியில் இடாமல், நம்பகமான செம்மண்ணும் மட்கிய உரமும் வாங்கி நிரப்புவது நல்லது. அத்தகைய இடங்களில் தானே முளைத்து நிற்கும் செடியின் விதையைக் குழந்தைகள் கொறிக்கவோ ஆடுமாடுகள் மேயவோ விடக் கூடாது.